மஞ்சள் வளையத்துக்காரி

பறவைக் காப்பகத்தார் வேதாரண்யம் உப்பளத்து வீடுகளுக்கு வீட்டுக்கொரு உள்ளான் பறவையையும், அதன் சேதி பேசும் ஒரு கைவளையலையும் ஒப்படைத்த பிறகு, சௌந்தரவல்லிக்குப் பெண் பிள்ளை இல்லாத குறை தீர்ந்தது. காலில் மஞ்சள் வளையம் போட்ட அவளுடைய உள்ளான் எங்கே பறந்தாலும், அதன் நெஞ்சு இவள் கைவளையலில் துடிக்கும். சைபீரியாவிலிருந்து அது கிளம்பிவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது. மகள் வந்து மேய்வதற்கென்றே ஒரு பாத்தியை உப்புக்கு விடாமல் கணுக்கால் தண்ணீரோடு வைத்திருப்பாள்.

இந்த வருடம், பறவை குஜராத் கரையிலேயே தங்கிவிட்டதாக வளையல் சொன்னது.

"அங்க நல்ல எடம் கெடச்சிருக்கும், விடு புள்ள. அந்தப் பாத்தியையும் உப்புக்கு விட்டுடலாம்," என்று மண்வெட்டியை எடுத்தான் அவள் கணவன் வைரக்கண்ணு.

அவள் வரப்புக்கு நடந்தாள். பாத்தியில் நீல வளையம் போட்ட யார் வீட்டு உள்ளானோ, சொந்த வீடு மாதிரி சேற்றைக் கிளறித் தின்றுகொண்டிருந்தது.

சௌந்தரவல்லி வளையலை வாயருகே கொண்டுபோனாள். "இந்த நீல வளையத்து வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிடு. புள்ள பத்திரமா வந்துடுச்சு, நல்லா சாப்புடுதுன்னு." வளையலின் துடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்புறம் எம்மவ இருக்குற கரையில யாராச்சும் இருந்தா அவங்களுக்கும் சொல்லு. அவளுக்குக் கணுக்கால் தண்ணிதான். அதுக்கு மேல ஆகாது."

பின்னால் வந்து நின்ற வைரக்கண்ணு, வரப்பில் தண்ணீர் கசிந்த இடத்தில் ஒரு வெட்டு மண்ணை வைத்து மிதித்தான்.