பாரத்துக்கு ஒரு ஆள்

"எங்க சனத்தைப் பார்த்தா உங்களுக்கு மண் மூட்டை மாதிரி இருக்கா சேர்?"

காலை ஆறே முக்காலுக்கு, தொழிலாளர் லயத்துக்கு முன்னால் காரை மறித்துக்கொண்டு கேட்டார் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி.

காரை ஓட்டி வந்தவர் குணரத்தினம் மாஸ்டர். பக்கத்தில் அவர் மனைவி கனகாம்பிகை டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர்கள். இருவரும் லிந்துலையில் படிப்பிக்கிறார்கள், குடியிருப்பு மலைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்தில். பின் சீட்டில் கொழுந்து பறிக்கிற ராக்காயி, இடது காலில் பெரிய கட்டோடு.

கார் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கரண்ட் கார். பெட்ரோல் விற்ற விலைக்குப் பயந்து மாஸ்டர் கொழும்பில் பழசாக வாங்கியது. அது லொறியில் ஏறி வந்து இறங்கியதே முதல் அதிசயம். பூசாரி கந்தப்பன் எஞ்சினுக்குப் பொட்டு வைக்க மூடியைத் திறந்தார். எஞ்சினைக் காணோம். கடைசியில் பிளக் செருகுகிற ஓட்டைக்குச் சந்தனம் வைத்துவிட்டுப் போனார். சத்தமே இல்லாமல் வந்து நிற்கிற வண்டியைப் பார்த்து லயத்து நாய்களுக்கே குழப்பம்.

இறக்கத்தில் போனால் அந்தக் காருக்குத் தானாகவே பேட்டரி ஏறுமாம். பாரம் கூடினால் இன்னும் கொஞ்சம் ஏறுமாம். அந்தப் பாரத்துக்குத்தான் மாஸ்டர் ராக்காயியைப் பிடித்திருந்தார்.

ராக்காயிக்குக் காலில் ஆறாத புண். தினமும் லிந்துலை ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும், தவறினால் காலுக்கு உத்தரவாதம் இல்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஒருநாள் ஆட்டோக்காரன் ஒருவன், "புண்ணு நாறுது, சீட்டை யாரு கழுவுறது?" என்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு எவர் வண்டியிலும் ஏறுவதில்லை என்று ராக்காயி வீம்பாக நடந்துகொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா மரியாதை. பாரத்துக்கு வான்னு கூப்பிடலாமா?" என்றார் செல்லசாமி.

"கோவிக்காதேங்கோ தலைவர். பின்னால பாரம் இருந்தால் இந்த பேட்டரி ஊசி கொஞ்சம் ஏறும். வேற ஒண்டுமில்லை."

"அப்ப நாலு மூட்டை மண்ணை அள்ளிப் போடுறது."

மாஸ்டர் தடுமாறினார். "மூட்டை எண்டால்... வளைவில உருண்டு போடும்."

"நேரமாகுது, வழியை விடுங்க தலைவரே," என்றாள் ராக்காயி.

கார் சத்தமில்லாமல் இறங்கிப் போனது. செல்லசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'நோகாம நோம்பு கும்பிடுறாரு மனுசன்' என்று முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போய், மாஸ்டர் மேல் சங்கத்துக்கு மனு எழுத உட்கார்ந்தார். மனு என்றால் தலைவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

இரண்டு மணிக்கு மனுவை எடுத்துக்கொண்டு சங்க ஆபீஸுக்கு இறங்கினார். செங்குத்தான வளைவில் அந்தக் கார் எதிரே ஏறி வந்தது. நடக்கிற ஆள் முந்திவிடலாம், அப்படி ஒரு வேகம். பின் சீட்டில் ராக்காயி இருந்தாள். முன் சீட்டில் டீச்சரைக் காணோம்.

காருக்குப் பின்னால், சற்றுக் கீழே டீச்சர் நடந்து ஏறி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் தூக்கிப் பிடித்த சேலை. மூச்சு வாங்கியது.

"என்னங்கம்மா, நீங்க நடக்குறீங்க?"

"மூண்டு பேரோட இந்த ஏத்தத்தில கார் இழுக்காது தலைவர். ஒராள் இறங்கத்தான் வேணும்."

"இறங்க வேண்டியது பாரம்தானேம்மா? மேட்டுக்குப் பாரம் எதுக்கு?"

டீச்சர் மேலே போகிற காரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இந்த ஏத்தத்தில நடந்தால் பாதத்தை எடுக்க வேண்டி வருமாம். டொக்டர் சொன்னவர். முதல் நாள் சும்மா ஏறுங்கோ எண்டுதான் கேட்டம். வரமாட்டன் எண்டுட்டா. அதுக்குப் பிறகுதான் இவர் இந்தப் பாரக் கதையைக் கட்டினவர்."

செல்லசாமி கையிலிருந்த மனுவைப் பார்த்தார்.

"எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நடக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லி வச்சிருக்கிறம். உங்களைக் கும்பிட்டன், சொல்லிப் போடாதேங்கோ. தெரிஞ்சால் நாளைக்கு ஏறமாட்டா."

தலைவருக்கு வெட்கமாக இருந்தது. மனுவை மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, டீச்சரிடமிருந்து மரக்கறிப் பையை வாங்கிச் சுமந்தார்.

சாயங்காலம் ராக்காயி வீட்டுக்குப் போனார்.

"காலையில நான் பேசுனதை மனசுல வச்சுக்காத ராக்காயி. நாளைக்கும் போ. பாவம், மாஸ்டருக்குப் பேட்டரி ஏறணும்ல?"

ராக்காயி சிரித்துவிட்டாள்.

"இருபத்தாறு வருசமா கொழுந்தைச் சுமந்துக்கிட்டு மேடு ஏறுனவ நானு. மேட்டுல பாரம் என்ன பாடு படுத்தும்னு எனக்குத் தெரியாதா? டீச்சரம்மாவுக்குச் சீனி வியாதியாம். டீயில மூணு கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறாங்க, நான் பார்க்கலையா?"

"அப்ப தெரிஞ்சுதான் போறியா?"

"தெரிஞ்ச அன்னைக்கே இறங்கிறலாம்னுதான் பார்த்தேன். ஆனா இந்தப் புண்ணோட ஏறி உக்காந்தும் ஒருநாளும் மூக்கைச் சுளிக்காத மனுசங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, கூசிப் போயிருவாங்க தலைவரே. நீங்க சொல்லிப்புடாதீங்க."