நூலகத்துக்குப் பின்னால் ஒரு பாறை

"இந்தப் பாறையில ஒரு உளி படக்கூடாது மேஸ்திரி, சொல்லிட்டேன்!"

கண்ணகியின் குரல் நூலகச் சுவரில் பட்டுத் திரும்பியது. அவள் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி பாடம் எடுப்பவள். எதிரே சம்மட்டியைத் தோளில் சாய்த்தபடி நின்றவர் வீரமுத்து, கல் உடைக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி.

"உளி படாம கல்லு எப்பிடிங்க வரும் டீச்சர்? ஹாஸ்டலுக்குக் கடக்கால் போடணுமா, வேணாமா?"

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார் பொறியாளர் காசிநாதன். இந்த வளாகத்துக்கு அவர் மாற்றலாகி வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து படிக்க இறங்கி வரும் பெண்களுக்கான விடுதி அது. அஸ்திவாரம் போட்டு அடுத்த ஜூனுக்குள் எழும்பியாக வேண்டும். பாறை பக்கத்திலேயே இருக்கிறது, வெடி வைத்து உடைத்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதினார். ஜியாலஜி துறையின் கருத்தையும் கேளுங்கள் என்று மேலிடம் பதில் எழுதியது. பிடித்தது சனி.

"சார், இதுக்கு வயசு இருநூத்தம்பது கோடி வருஷம். இந்தக் கறுப்பு வெள்ளை வரியைப் பாருங்க. என் பசங்களுக்கு முதல் பாடமே இங்கதான் ஆரம்பிக்குது."

"வயசைச் சொன்னா வயிறு ரொம்புமா?" என்றார் வீரமுத்து. "குவாரி மூடி மூணு மாசமாவுது. பன்னெண்டு பேரு வேலையில்லாம குந்திக்கினு இருக்கானுங்க. அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"அவங்க கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா?"

"தெரிஞ்சா இப்பிடிப் பேசுவீங்களா?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. முப்பது வருடமாகக் கல் தூசியைத் தின்ற நெஞ்சு. கண்ணகி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை வெடுக்கென்று உருவி அவர் கையில் திணித்தாள்.

"குடிங்க. குடிச்சிட்டு அப்புறம் சண்டை போடுங்க."

தண்ணீரைக்கூட அடிக்கிற மாதிரிதான் கொடுக்கிறாள் என்று காசிநாதன் நினைத்துக்கொண்டார்.

வீரமுத்து வாயைத் துடைத்தார். "நீங்க மொதல்ல நெழலுக்குப் போங்க டீச்சர். வெயிலு மண்டையைப் பொளக்குது."

இடத்தைக் காலி செய் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் இந்த மனுஷர்!

காசிநாதன் சமாதானத்தில் நம்பிக்கை உள்ளவர். கண்ணகியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். "படிச்சவங்க நீங்க. கல் உடைக்கிறவர்கிட்ட போய் வாதாடலாமா?" என்றார். அவள் முகம் சிவந்து எழுந்து போய்விட்டாள். மேஸ்திரியிடம், "சின்னப் பொண்ணு, புஸ்தகத்தைப் பாத்துப் பேசுது, விட்டுத் தள்ளுங்க" என்றார். அவரும் முறைத்தார். இரண்டுமே சரியான பிடிவாதம் என்று முடிவு கட்டினார் காசிநாதன்.

வெள்ளிக்கிழமை இருவரையும் தன் அறைக்கு வரவழைத்தார். கைக்கு எட்டாத தூரத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, இந்தப் பக்கம் ஒன்று போட்டு உட்கார வைத்தார். "இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

கண்ணகி ஒரு வரைபடத்தை விரித்தாள். வளாகத்தில் எங்கே என்ன கல், என்ன மண் என்று மாணவர்களோடு இரண்டு மாதம் நடந்து குறித்தது.

"மைதானத்துக்குக் கிழக்கே உருட்டுக் கல்லா கிடக்கு, அத்தனையும் கருங்கல். கிணறு தோண்டினப்போ வெளியே வந்தது இங்க குவிஞ்சிருக்கு. இந்த மேடு பூரா சரளை. பள்ளம் நிரப்ப ஆகும். பாறையைத் தொடவே வேண்டாம்."

வீரமுத்து எழுந்து வந்து படத்தின் மேல் குனிந்தார். காய்த்துப்போன விரல் மெல்ல நகர்ந்தது.

"கெழக்கால கெடக்கறது நல்ல கல்லு. தட்டிப் பாத்திருக்கேன், மணியாட்டம் கேக்கும். கெணத்துக் கல்லுல பாதி பொரிஞ்சு போனது, தட்டுனா உதிரும், அத்த ஒதுக்கிடுங்க."

"அதை நான் கவனிக்கல" என்று கண்ணகி படத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் அடித்தாள். "மீதி, கடக்காலுக்குப் போதுமா?"

"தாராளமா. சுத்துச்சுவரு பாதிக்குக்கூட வரும்."

"உங்க ஆளுங்களுக்கு வேலை?"

வீரமுத்து சற்று யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "வெடி வெச்சா பத்து நாள்ல முடிஞ்சிரும். உருட்டுக் கல்லை ஒவ்வொண்ணா கையால ஒடைச்சு சதுரம் பண்ணணும். பன்னெண்டு பேருக்கும் மூணு மாசம் ஓடும் டீச்சர்."

"அப்போ சரியா?"

"சரிதாங்க."

காசிநாதனால் நம்ப முடியவில்லை. இத்தனை நாள் சண்டை அரை மணியில் தீர்ந்துவிட்டது! இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்த தன் சாமர்த்தியத்தை மனதுக்குள் மெச்சிக்கொண்டு அறிக்கையை எழுதி முடித்தார்.

மாலையில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக வெளியே வந்தவர் திடுக்கிட்டு நின்றார். கேட்டுக்கு அப்பால் புளியமரத்தடியில் கண்ணகி ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். வீரமுத்து நேராக அவளை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

ஐயோ, மறுபடியுமா? அதுவும் நடுரோட்டிலா? விலக்கிவிடலாம் என்று காசிநாதன் ஓட்டமும் நடையுமாக நெருங்கினார். அதற்குள் கண்ணகியின் குரல் கேட்டது. வளாகத்துக்குள் அவர் ஒரு நாளும் கேட்டிராத பேச்சு.

"சீக்கிரம் ஏறிக் குந்துப்பா. வூட்டுல அம்மா சோறாக்கி வெச்சிக்கினு நமக்காகக் காத்துக்கினு இருக்கும்."