மாவடு ஜாடியின் ஏக்கம்

சமையலறை மேல்தட்டில் ஒரு மாவடு ஜாடி இருந்தது. ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தணிகாசலம் அதைத் தொடவில்லை. மோர்ச் சோற்றில் மாவடுத் தண்ணியை ஊற்றிப் பிசையும் அந்தக் கைக்காக ஜாடி ஏங்கிக் கிடந்தது.

"அவருக்கு எப்பதான் குணமாகும்?" என்று பக்கத்திலிருந்த மாத்திரை டப்பாவைத் தினமும் கேட்கும்.

"நான் அந்தக் கொதிப்பை அடக்கி வச்சிருக்கேன். அவ்வளவுதான் என்னால முடியும்" என்று டப்பா சொல்லும்.

ஒருநாள் தணிகாசலம் துள்ளிக்கொண்டு வந்தார். "பிரஷர் நார்மலாம்! இனிமே மாத்திரை எதுக்கு?" என்று டப்பாவை மூலையில் தள்ளிவிட்டு ஜாடியை இறக்கினார்.

"பாத்தியா, குணமாயிட்டார்!" என்று பூரித்தது ஜாடி.

"நான் இருந்ததாலதான் நார்மல்" என்றது டப்பா. அது யார் காதிலும் விழவில்லை.

அந்த மாதம்கூட முடியவில்லை. மாவடு எடுக்க ஜாடிக்குள் கைவிட்டவர் தலைசுற்றி அடுப்படியிலேயே சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மறுபடி மாத்திரை தொடங்கியது. ஜாடி எதுவும் கேட்கவில்லை.

"எனக்கும் ஆசைதான்" என்றது டப்பா, தானாகவே. "நான் தேவைப்படாத ஒரு நாள் இவருக்கு வராதான்னு."

மதியம் தணிகாசலம் மோர்ச் சோற்றுத் தட்டோடு வந்தார். ஜாடியைத் திறந்து, கண்ணை மூடி வாசம் பிடித்தார். ஜாடி ஏங்கிய அந்தக் கை இப்போது விளிம்பிலேயே தயங்கி நின்றது.

"மூடிடுங்கய்யா" என்று கெஞ்சியது ஜாடி.