ஆள் அசைந்தால் எரியும் விளக்கு

விளக்கு மறுபடியும் நின்றுவிட்டது.

சேலைக் கட்டுகளுக்கு நடுவே நின்றபடி கையை ஆட்டினேன். எரிந்தது. உடனே கை தானாகக் கூப்பிக்கொண்டது. விளக்கு எரிந்ததும் கும்பிடுவது சின்ன வயதுப் பழக்கம். இந்தச் சென்சர் விளக்கு வந்த பிறகு நாள் முழுக்க எனக்கு இதே பிழைப்பு.

எல்லாம் என் வீட்டுக்காரர் செய்த கூத்து. மலேசியாவில், ரெம்பாவ் டவுனில் எங்கள் துணிக்கடை. முன்பக்கம் அத்தனை விளக்குகளும் ஜெகஜோதியாக எரிகின்றன. அதில் அவர் கை வைக்கவில்லை. நான் சரக்குப் பிரிக்கிற பின்பக்கத்துக்கு மட்டும்தான் சிக்கனம்.

கேட்டால், "பில்லு ஏறுது லா திலகா. ஆளு இல்லாத எடத்துக்கு எதுக்கு லைட்டு?" என்பார்.

மற்றபடி நான் கேட்டு இல்லையென்று சொன்னதில்லை. கடல் பார்க்க வேண்டும் என்றால் கடையைச் சாத்திவிட்டு சி ரூசா கடற்கரைக்குக் காரை எடுக்கிற மனிதர். வெளிச்சத்தில் போயா எனக்குக் கஞ்சத்தனம் என்று மனசு சுட்டது. அவரிடம் சொல்லாமல், பழைய விளக்கையே மாட்டிவிட வயர்மேன் தர்மராஜை வரச் சொல்லிவிட்டேன்.

தீபாவளிச் சரக்கு இறங்கியிருந்தது. அடுக்கி முடித்ததும் இடுப்பு விட்டுப்போனது. தர்மராஜ் வரும்வரை உட்காரலாம் என்று துணிக்கட்டில் சாய்ந்தேன்.

விளக்கு நின்றது. போய்த் தொலை என்று விட்டுவிட்டேன். கண் சொக்கியது.

முகத்தில் மூச்சுக்காற்று பட்டு விழித்தேன். ஒரே வெளிச்சம். வழக்கம்போல் கும்பிடப் போனேன், முடியவில்லை. வீட்டுக்காரர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டியிட்டிருந்தார். தோளில் பாதி வெட்டிய ரவிக்கைத் துணி. ஒரு காலில் செருப்பைக் காணோம். கடை முன்பக்கத்தில் யாரோ ஓர் அம்மாள், "அண்ணே, என் துணி!" என்று கத்துவதுகூட அவர் காதில் விழவில்லை.

"தூங்கிட்டேங்க. வேற ஒண்ணுமில்ல."

"தூங்கு, தூங்கு." அவர் இன்னும் மணிக்கட்டை விடவில்லை. "கைய மட்டும் ஆட்டிக்கிட்டே தூங்கு லா."

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவி மனுஷன், வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

ஏணியோடு வந்த தர்மராஜுக்குத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

கல்லாவிலிருந்து பார்த்தால் அலமாரிகளுக்கு மேலே பின்பக்கத்து வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. போன வருடம் சர்க்கரை இறங்கி நான் இங்கே மயங்கி விழுந்து வெகுநேரம் கிடந்தேன். அன்று என் தலைக்கு மேல் பழைய விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தன.