எட்டணா தோஷம்

கிட்ட வந்து உட்காருங்க. ஆள் பேர் வருகிற கதை, சத்தமாகச் சொல்ல முடியாது.

ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கிற சம்பத்துக்கு ஒரு பைத்தியம். எந்தக் கடைக்காரனும் வாங்காத பணத்தைச் சேர்ப்பார். அந்தக் காலத்து உலக யுத்தத்தில் பிடிபட்டவர்களை முள்வேலிக்குள் அடைத்து வேலை வாங்கின முகாம்கள் இருந்தன இல்லையா, அங்கே கூலிக்கு நிஜக் காசு தர மாட்டார்கள். வேலிக்குள் மட்டும் செல்லுகிற காகித நோட்டுதான் தருவார்கள். தப்பி ஓடினவன் வெளியே அதை நீட்டினால் ஒரு பீடிகூட கிடைக்காது.

சம்பத்திடம் ஓரணா, ரெண்டணா, நாலணா, ஒரு ரூபாய் எல்லாம் இருந்தது. எட்டணா மட்டும் இல்லை. நாலு வருஷமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியது, சந்தோஷமாக இறங்கவில்லை.

பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் பழம் தரம் பிரிக்கிற கன்னிகா வீட்டில் ஒன்று இருப்பதாகக் காதில் விழுந்ததும் லீவு போட்டுவிட்டு ஓடினார். அவள் மாமனாரின் அப்பா அப்படி ஒரு முகாமில் சமையல்காரராம். நோட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்ததாம்.

கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடுமே என்று மனுஷன் மூளையைக் கசக்கினார். நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் சுளித்தார்.

"இது ஜெயில் பணம்மா. இது இருக்கிற வீட்ல யாராவது ஒருத்தர் ஜெயிலுக்குப் போயே தீரணும். எனக்கு இந்த தோஷமெல்லாம் கொஞ்சம் தெரியும். குடுத்துடுங்க, திருப்பதி உண்டியல்ல நானே சேத்துடறேன்."

கன்னிகா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் மாங்காய் லாரி ஓட்டுகிறவர், போலீஸ் முகத்தில் தினம் விழிக்கிறவர். இவ்வளவு பெரிய தோஷத்தை வழியோடு வந்த அண்ணா தலையில் கட்டினால் பாவமில்லையா என்றாள். நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், மஞ்சள் துணியில் ஒரு முடிச்சோடு திரும்பி வந்தாள். காணிக்கை என்று முடிந்ததை நடுவில் அவிழ்க்கக் கூடாது, அது சாமி சொத்து. அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும்.

"நானும் கூட வர்றேண்ணா. நடந்தே ஏறிடலாம். பெரிய தோஷம் ஆச்சே."

சம்பத் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் எட்டணா போகிற இடத்துக்கு அவரும் போகத்தானே வேண்டும்.

மறுநாள் விடிகாலையில் மலையடிவாரத்து அலிபிரியில் ஏற ஆரம்பித்தார்கள். மூவாயிரத்து ஐநூத்திச் சொச்சம் படி. முதல் முந்நூறிலேயே சம்பத்தின் முட்டி இரண்டும் எண்ணெய் போடாத கதவு மாதிரி பேச ஆரம்பித்தன. உட்காரலாமா என்று கேட்டார். தோஷம் தெரிந்தவரே உட்கார்ந்தால் எப்படி, படிக்கு ஒரு கோவிந்தா போடுங்கள் என்றாள் கன்னிகா. போட்டார். அவர் போட்ட கோவிந்தாவைக் கேட்டு, யாரோ பெரிய பாவம் பண்ணினவர் போலிருக்கிறது என்று பின்னால் வந்த கூட்டம் ஒதுங்கி வழி விட்டது.

மேலே போய் இலவச தரிசன லைனில் பதினாலு மணி நேரம். கொடுத்த உப்புமாவைத் தின்றுவிட்டுத் திட்டம் போட்டுக்கொண்டே இருந்தார்.

உண்டியல் முன்னால் கன்னிகா முடிச்சை அவர் கையில் வைத்தாள்.

"தோஷம் தெரிஞ்ச கை. நீங்களே போடுங்கண்ணா."

கூட்டம் நெருக்கியது. சம்பத் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார். போட்டாச்சும்மா என்று அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழே திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவரே கூப்பிட்டு கன்னிகாவுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். வேட்டி மடிப்பில் முடிச்சு பத்திரமாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்ப்பதாக உத்தேசம்.

கன்னிகா காபியைக் குடித்து முடித்தாள். பர்ஸைத் திறந்தாள். எட்டணா நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

சம்பத்துக்குக் காபி மூக்கில் ஏறியது.

"அப்ப... முடிச்சுல?"

"ஐநூறு ரூபாண்ணா, என் சீசன் கூலில எடுத்து வெச்சது. பொண்ணு பிரசவம் நல்லபடியா ஆவணும்னு வேண்டிக்கினது. எப்பிடியும் மலைக்கு வரணும்னு இருந்தேன். துணைக்கு ஆளே வாசல்ல வந்து நின்னுச்சு."

சம்பத் மேஜைமேல் இருந்த நோட்டையே பார்த்தார்.

"பதினஞ்சு வருஷமா மண்டியில கீறேன். சொத்தைப் பழம்னு சொல்றவன் அதை விரலால தள்ளுவான். நீங்க ரெண்டு கையால புடிச்சிக்கினு இருந்தீங்க. எனக்கு வேணும்மான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன். எங்களுக்கு எதுக்கு அது?"

சம்பத்தின் கை வேட்டி மடிப்புக்குப் போய் நின்றது.

"உண்டியல்ல போட்ட கை விரிஞ்சிதான் வெளிய வரும். உங்க கை மூடிக்கினு வந்துச்சு."

அப்புறம் அவள் திட்டவில்லை. ஊரைக் கூட்டவில்லை. அவரைக் கையோடு கூட்டிப்போய் மலைக்கு ஒரு டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பெரியவருக்கு முட்டி சரியில்லை, பார்த்து இறக்கி விடுங்கள் என்று கண்டக்டரிடம் தெலுங்கில் சொன்னாள்.

பஸ் நகருகிறபோது அந்த எட்டணா நோட்டை ஜன்னல் வழியாக அவர் சட்டைப் பையில் செருகினாள். முடிச்ச உண்டியல்ல போட்டுட்டு வரும்போது ரெண்டு லட்டு வாங்கினு வாங்கண்ணா என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊருக்குப் போகிற சித்தூர் பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டாள்.