ஐந்து மணிக்கு வருகிறவர்

“டியாமிக்கே அக்கா, பழைய சர்வரை இன்னுமா நிறுத்தல?”

கதவில் சாய்ந்து நின்று கேட்டான் கூட வேலை பார்க்கும் மவூட்டோ. அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. ஏரிக்கரை ஊரான மங்கோச்சியின் இந்தப் பழைய அறையில் மிஞ்சியவை ஒரு மேஜை, ஒரு சர்வர், டியாமிக்கே.

“இன்னும் ஒருத்தர் வர்றாரு மவூட்டோ.”

ஏரியில் காற்று எப்படி என்று மீனவர்களுக்குச் சொல்லும் இணையதளம் அது. அதைப் புது சர்வருக்கு மாற்றியாகிவிட்டது. தளத்தின் பெயர் பழையதுதான். பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரி எண்தான் புதிது.

“அதெப்படி? முகவரியை மெஷினுங்க ஞாபகம் வச்சுக்கிற நேரத்தை அஞ்சு நிமிஷமாக் குறைச்சிட்டுத்தானே மாத்தினோம்? அஞ்சு நிமிஷம் போனா எல்லா மெஷினும் பழைய முகவரியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசாக் கேட்டுக்குமே.”

“மெஷின் கேட்டுக்கும். அதுல ஓடுற சில புரோகிராம் கேக்காது. ஆரம்பிக்கும்போது ஒரு தடவை கேட்டு வச்சுக்கும். நிறுத்தித் திரும்ப ஓட்டுற வரைக்கும் அதே முகவரிதான். யாரோ நிறுத்தாமலே வச்சிருக்காங்க.”

“யாருன்னு பாக்கலாமே?”

“செல்போன் கம்பெனியோட பொது வாசல் வழியா வர்றாரு. அதுக்குப் பின்னாடி ஆயிரம் பேர். யாருன்னு கண்டேன்?”

தினமும் மாலை ஐந்துக்கு, இரவில் விளக்கு வைத்து மீன் பிடிக்கும் படகுகள் கிளம்பும் நேரத்தில், அவர் வருவார். ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பழைய காற்று விவரத்தை நம்பி ஆள் ஏரிக்குள் போய்விட்டால்? அந்தப் பயத்தில், டியாமிக்கே தினமும் நாலரைக்கு அன்றைய காற்றைப் பழைய சர்வரில் அந்த ஒருவருக்காகக் கையாலேயே அடித்து வைத்தாள். கீழே தன் போன் எண்ணையும் போட்டாள்: ‘முகவரி மாறிவிட்டது, கூப்பிடுங்கள்.’ யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு வரி சேர்த்தாள்: ‘பத்திரமாகப் போய் வாருங்கள்.’ சில நாட்களில் அவள் பேசிய பேச்சே அவ்வளவுதான்.

“நாளைக்கு கரண்டைப் பிடுங்கிடுவாங்க அக்கா. இன்னிக்கே நீங்க நிறுத்திடுங்க. பக்கம் வரலைன்னா அந்த ஆளு தேடிக்கிட்டு தானாக் கூப்பிடுவாரு.” கொஞ்சம் தயங்கினான். “அப்படியே எங்க வீட்டுக்கு வாங்களேன். சம்போ மீன் வாங்கி வச்சிருக்கேன்.”

“இன்னொரு நாள் வரேன்பா.”

“இதையேதான் போன வாரமும் சொன்னீங்க.”

அவன் போய்விட்டான். நாலே முக்காலுக்கு அவள் சர்வரை நிறுத்தினாள். விசிறி சத்தம் அடங்கியதும் அறை திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. செல்போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூப்பிட்டால் என்ன பேசுவது? முதலில் பெயரைக் கேட்க வேண்டும். படகு எந்தக் கரையில் என்று கேட்க வேண்டும். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள், குரலில் அது தெரியப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஐந்து மணி, ஒரு நிமிடம். போன் ஒலித்தது. அழைப்பில்லை, குறுஞ்செய்தி. அனுப்பியவர் பெயர் லுசுங்கு.

‘தளம் நின்னுடுச்சு டியா. நீ பதறாத, நான் போய்ப் பாத்துக்கறேன்.’

தளம் ஓடுகிறதா என்று தினமும் ஐந்துக்கு எட்டிப் பார்த்து, நின்றிருந்தால் அவளுக்குச் சேதி அனுப்பும்படி அவள் கணவன் எழுதி எங்கோ ஓடவிட்டிருந்த புரோகிராம்தான் அந்த ஒருவர்; லுசுங்குவைப் புதைத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.