காலை பஸ்ஸில் கூட்டம்

சென்னையிலிருந்து லீவுக்கு வந்த புருஷோத்தமன், கழுத்தில் செல்போன் ஊசலாட, ஊரின் ஒரே பஸ்ஸில் பந்தாவாக ஏறி, சகாயமேரியின் மடியிலிருந்த முறத்தைத் தட்டிவிடுகிறான். அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அரிசி சீட்டுக்கடியெல்லாம் சிதறுகிறது. "ஏம்பா, கண்ண மெட்ராஸ்லயே வச்சிட்டு வந்துட்டியா?" பஸ்ஸே சிரிக்கிறது. இஸ்திரி கலையாத சட்டையோடு மண்டியிட்டு அள்ளுகிறான். ஜன்னலுக்கு வெளியே உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. உள்ளே அரிசியும் சளைக்காமல் மின்னுகிறது. குனிந்தவன் கண்ணில் படுவதெல்லாம் செருப்பில்லாத கால்கள், வீட்டுப் புடவைகள், ஒருத்தி கட்டிக்கொண்டிருக்கும் கனகாம்பரச் சரம். பாதி வீடு பூட்டிக் கிடக்கும் ஊரில் இவ்வளவு கூட்டமா?

"எங்கக்கா போறீங்க எல்லாரும்?"

"உனக்குப் பொண்ணு பாக்க," என்கிறாள் பூக்கட்டுகிறவள்.

"காத்து வாங்க," என்கிறது பின்சீட்டு.

"என்னை ஒரு தீப்பெட்டிக்காக மரக்காணம் அனுப்புது எங்கம்மா," என்கிறான் புருஷோத்தமன். "வீட்டுக்கு எதிர்லயே கடை இருக்குது!"

சிரிப்பு சட்டென்று அடங்குகிறது. சகாயமேரி முறத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிறாள்.

"நாங்க எங்கயும் போகலப்பா. காலியா ஓடுனா பஸ்ஸ நிறுத்திடுவாங்க. அதான் வீட்டுக்கு ஒருத்தரா முறை வச்சு ஏறுறோம். இன்னிக்கு உங்க வீட்டு முறை."